பாதம் உள்பக்கம் திரும்பி நடக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

நடை பழகும் பிள்ளைகளின் பாதம் உள்நோக்கித் திரும்புவது பற்றிச் சென்னையிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பையனுக்கு ஒரு வயசு எட்டு மாசம். பதினாலாம் மாசத்துல நடக்க ஆரம்பிச்சான். ரெண்டு பாதமும் உள்ளே திரும்புது. ஓடினா தன் காலே தடுக்கி விழறான். சாயந்திரமானா இன்னும் அதிகமாத் தெரியுது. குளிப்பாட்டும்போது நான் காலைச் சரியா நீவி விடலை, அதனாலதான்னு வீட்டுல சொல்றாங்க. உடனே காட்டணுமா?
*- ஓர் அம்மா, பெரம்பூர்*

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நீவி விடாததால் இது வரவில்லை. தினமும் நீவி விட்டிருந்தாலும் இது வந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பிள்ளைக்குச் சுகம், நல்ல தூக்கம் வரும், அவ்வளவுதான். எலும்புக்குள் இருக்கும் முறுக்கைக் கையால் நீவி மாற்ற முடியாது. இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

பாதம் உள்ளே திரும்பிக் காண மூன்று இடங்களில் ஒன்று காரணமாக இருக்கும். பாதமே வளைந்திருக்கலாம், இது பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே தெரியும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு உள்நோக்கி முறுக்கியிருக்கலாம், இது நடக்க ஆரம்பித்ததும் கண்ணில் படும். தொடை எலும்பு முறுக்கியிருக்கலாம், இது மூன்று வயதுக்கு மேல் தெரியவரும். உங்கள் பையனின் வயதுக்கு இரண்டாவதுதான் மிக அதிகம். கருப்பையில் இடம் குறுகி, கால்கள் மடங்கிக் கிடந்ததன் மிச்சம் அது.

எந்த இடம் என்பதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். டவுசர் முட்டிக்கு மேல் இருக்கட்டும், கால் வெறுங்காலாக இருக்கட்டும். பிள்ளை உங்களை நோக்கி நடந்து வரும்போது பாதத்தைப் பார்க்காதீர்கள், முட்டிச் சில்லைப் பாருங்கள். சில்லு நேராக முன்னே பார்க்கிறது, பாதம் மட்டும் உள்ளே திரும்புகிறது என்றால் முறுக்கு முழங்காலுக்குக் கீழே. சில்லும் சேர்ந்து உள்ளே திரும்பினால் தொடை எலும்பு. சில்லு நேர், கணுக்கால் நேர், பாதத்தின் முன்பகுதி மட்டும் வளைந்திருந்தால் பாதம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்கும்போது முழங்காலை மெதுவாக மடக்கி, உள்ளங்கால் கூரையைப் பார்க்கும்படி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் தொடையின் கோட்டோடு ஒப்பிட்டுப் பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். பெரியவர்களுக்குப் பாதம் சுமார் 10 முதல் 15 டிகிரி வெளியே பார்க்கும். கைக்குழந்தைகளுக்குச் சராசரியே 5 டிகிரி உள்ளே. ஒரு வயதுப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் இயல்பின் எல்லைக்குள்தான்.

எலும்பு வளர வளர இந்த முறுக்கு தானாக வெளியே அவிழும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயதுக்குள் சரியாகிவிடும். சிலருக்கு எட்டு வயது வரை இழுக்கும். மாதாமாதம் பார்த்தால் மாற்றம் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். மொபைல் பிள்ளையின் முட்டி உயரத்தில் இருக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பாதம் இருப்பதைவிட அதிகம் திரும்பியதாகத் தெரியும். முன்னே வருவது, பின்னே போவது, இரண்டும் வேண்டும். பிள்ளை களைத்திருக்கும் சாயங்காலம் வேண்டாம், காலையில் எடுங்கள். களைப்பில் தசைக் கட்டுப்பாடு குறைவதால்தான் மாலையில் திருப்பம் கூடித் தெரிகிறது.

விழுவதைப் பற்றி. நடக்க ஆரம்பித்து ஆறே மாதமான பிள்ளை, கால் நேராக இருந்தாலும் விழும். மாதங்கள் போகப் போக விழுவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் காத்திருக்கலாம், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டினால் போதும். விழுவது கூடிக்கொண்டே போனால், வலி என்று அழுதால், நொண்டினால், காத்திருக்காதீர்கள்.

கடையில் பாதத்தை அளந்து பார்த்து, உள்ளே ஆப்பு வைத்த ஸ்பெஷல் ஷூ போட்டால் ஆறு மாதத்தில் கால் நேராகும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், வலது செருப்பை இடது காலிலும் இடதை வலதிலும் மாற்றிப் போடச் சொல்கிறார். எது நல்லது?
*- குரோம்பேட்டை வாசகர்*

இரண்டும் வேண்டாம். ஆப்பு வைத்த ஷூ, இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டும் முறுக்குப் பட்டை, இரு ஷூக்களையும் கம்பியால் இணைப்பது எல்லாம் பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் போட்டுப் பார்க்கப்பட்டவை. போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் எலும்பின் முறுக்கில் வித்தியாசம் இல்லை. ஷூ பாதத்தைத்தான் பிடிக்கிறது, முறுக்கோ மேலே எலும்புக்குள் இருக்கிறது. ஆறு மாதத்தில் நேரானதாகச் சொல்லப்படும் கால்கள் ஷூ இல்லாமலும் அதே ஆறு மாதத்தில் நேராகியிருக்கும்.

செருப்பை மாற்றிப் போடுவதில் பலன் இல்லை, கெடுதல் உண்டு. கட்டைவிரல் பக்கம் இடம் இல்லாமல் விரல்கள் அழுந்தும், கொப்புளம் போடும், பிள்ளை இன்னும் தடுக்கி விழும்.

அந்தப் பணத்தில் சாதாரணமான, வளையும் அடிப்பாகம் உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஜோடி வாங்குங்கள். ஷூவின் முன்பகுதியைக் கையால் மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள், நீளமான விரலுக்கு முன்னே உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. பாதம் உள்ளே ஆடும், நுனி தரையில் இடிக்கும், விழும் பழி காலின் மேல் போகும். வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸோடு நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

மகளுக்கு ஐந்து வயது. தரையில் உட்கார்ந்தால் முட்டி முன்னே, பாதம் இரண்டும் பின்பக்கமாக வெளியே விரிய உட்காருகிறாள். ஓடும்போது முட்டி இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்க, பாதம் வெளியே வீசி வீசி ஓடுகிறாள். சம்மணம் போடச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் மறுபடி அப்படியே. பாட்டி தொடையில் தட்டித் தட்டிச் சொல்லி அலுத்துவிட்டார். பள்ளியில் பரதநாட்டியம் சேர்க்கலாம் என்று இருந்தோம்.
*- அம்பத்தூர் தந்தை*

நீங்கள் எழுதியிருப்பதே பாதி நோயறிதல். இது தொடை எலும்பின் முறுக்கு. பிறக்கும்போது எல்லோருக்கும் தொடை எலும்பின் மேற்பகுதி 30 முதல் 40 டிகிரி முன்னோக்கி முறுக்கியிருக்கும். வளர்ந்து முடியும்போது அது 10 முதல் 15 டிகிரிக்கு வந்து நிற்கும். சிலருக்கு இது மெதுவாக நடக்கிறது. பெண் குழந்தைகளிடம் அதிகம், குடும்பத்திலும் ஓடும். உங்களிடமோ உங்கள் மனைவியிடமோ சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான்கிலிருந்து ஆறு வயது வரை மிக அதிகமாகத் தெரியும். எட்டு, பத்து வயதுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும்.

அப்படி உட்காருவதால் கால் திரும்பவில்லை. இடுப்பு மூட்டு உள்ளே அதிகம் திரும்புவதால் அவளுக்கு அந்த உட்காரல்தான் வசதி. சம்மணத்துக்கு இடுப்பு வெளியே திரும்ப வேண்டும், அவளுக்கு அந்தப் பக்கம் அசைவு குறைவு. அதனால்தான் சொன்னதும் மாறி, மறுநிமிடம் பழையபடி ஆகிறாள். அடம் இல்லை. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சின்ன ஸ்டூலோ காலை நீட்டி உட்கார ஒரு மூலையோ கொடுத்தால் சண்டை இல்லாமல் தீரும்.

மருத்துவர் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை 90 டிகிரி மடக்கி, கால்களை வெளிப்பக்கம் சாய விட்டு இடுப்பின் உள்சுழற்சியை அளப்பார். 70 டிகிரிக்கு மேல் போனால் தொடை எலும்பின் முறுக்கு அதிகம் என்று பொருள். கூடவே நடையில் பாதத்தின் கோணம், முழங்காலுக்குக் கீழ் எலும்பு, பாதத்தின் வடிவம் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைப்பார். இதற்கு எக்ஸ்ரே கூடத் தேவைப்படாது. அந்த எண்களை உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வேறு மருத்துவரிடம் போனாலும் ஒப்பிட அதுதான் உதவும்.

பரதம் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எலும்பை நேராக்கும் என்று எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள். தசைக் கட்டுப்பாடும் சமநிலையும் கூடும், அது நடையில் நன்றாகவே தெரியும். ஒன்றை மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: அரைமண்டிக்கு இடுப்பு வெளியே திரும்ப வேண்டும், உங்கள் மகளால் மற்றவர்கள் அளவுக்கு இப்போது முடியாது. பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாக வெளியே திருப்பி நிற்க வைத்தால் பாரம் முழுக்க முழங்காலின் உள்பக்கம் விழுந்து வலிக்கும். முட்டி, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வரும் அளவுக்கு மட்டும் திருப்பினால் போதும். நீச்சல், சைக்கிள் எதற்கும் தடை இல்லை.

அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. தொடை எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் சிகிச்சை உண்டு. அது சிறிய அறுவை அல்ல. எட்டு, பத்து வயதுக்குப் பிறகும் முறுக்கு மிக அதிகமாக இருந்து, நடையோ ஓட்டமோ உண்மையிலேயே தடைப்பட்டால்தான் அதைப் பற்றிப் பேச்சே. நூற்றில் ஒருவருக்குக்கூட அது தேவைப்படுவதில்லை. பார்க்க அழகாக இல்லை என்பதற்காக ஐந்து வயதில் யாராவது அறுவைக்கு நாள் குறித்தால், குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் இன்னொருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

பேரனுக்கு மூணு மாசம். வலது பாதத்தோட முன்பக்கம் உள்ளே வளைஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு குழந்தைக்கு வளைபாதம்னு வாரா வாரம் மாவுக்கட்டு போட்டாங்க. இவனுக்கும் அதுதானோன்னு பயமா இருக்கு.
*- ஒரு பாட்டி, மயிலாப்பூர்*

பயம் வேண்டாம் அம்மா, ஆனால் இரண்டையும் பிரித்தறிவது அவசியம். குழந்தையின் குதிகாலைப் பாருங்கள். குதிகால் நேராக இருந்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மேலே மடக்க முடிகிறது, முன்பகுதி மட்டும் முந்திரிப் பருப்பு போல வளைந்திருக்கிறது என்றால் அது வெறும் முன்பாத வளைவு. குதிகாலும் உள்ளே திரும்பி, மேலே ஏறி, பாதம் கீழ்நோக்கி விறைத்து நின்று, மேலே மடக்கவே முடியவில்லை என்றால் அது பிறவி வளைபாதம்.

முன்பாத வளைவில், பாதத்தின் வெளிஓரத்தைச் சுண்டுவிரல் பக்கம் விரலால் மெதுவாக வருடுங்கள். குழந்தை கூசித் தானே பாதத்தை நேராக்கினால் அது இளகிய வளைவு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள் சமயத்தில் போய்விடும். வருடினால் நேராகவில்லை, ஆனால் கையால் மெல்லத் தள்ளினால் நேராகிறது என்றால் மருத்துவர் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம். அப்போது ஒரு கை குதிகாலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், மறுகைதான் முன்பகுதியை வெளியே தள்ள வேண்டும். குதிகாலைப் பிடிக்காமல் மொத்தப் பாதத்தையும் திருப்பினால் குதிகால் வெளியே தள்ளிப்போகும், முன்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். கையாலும் நேராகாத விறைப்பு இருந்தால் மாவுக்கட்டு தேவைப்படலாம். எட்டு, ஒன்பது மாதத்துக்குள் போட்டால் சுலபமாக இணங்கும். அதனால் இந்த மாதமே ஒரு முறை காட்டிவிடுங்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் செய்வது பொன்செட்டி முறையாக இருக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்தது, இன்று உலகெங்கும் முதல் சிகிச்சை அதுதான். வாரம் ஒரு கட்டு என ஐந்து, ஆறு கட்டுகள், தொடை வரை. பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் குதிகாலின் பின்னால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைச் சின்னதாக வெட்டிவிட்டு மூன்று வாரக் கட்டு. பிறகு கம்பி இணைத்த ஷூ, மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன் பின் நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும். வளைபாதத்தில் இந்தக் கம்பி ஷூ அவசியம். மேலே குரோம்பேட்டை வாசகருக்கு வேண்டாம் என்றது எலும்பு முறுக்குக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வளைபாதம் திரும்பி வருவதற்கு முதல் காரணமே, கால் நேராகிவிட்டது என்று நம்பி வீட்டில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிடுவதுதான்.

கட்டு போட்ட குழந்தையின் கால்விரல்கள் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். கட்டைவிரல் நுனியை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும். விரல் நீலமானாலோ, வீங்கினாலோ, நேற்று தெரிந்த விரல்கள் இன்று கட்டுக்குள் போய்விட்டாலோ, அடுத்த வாரம் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கட்டு நழுவினால் புண்ணாகும், கிடைத்த திருத்தமும் போகும். முந்தின இரவே வீட்டில் ஊறவைத்துக் கட்டைப் பிரிக்கவும் வேண்டாம். புதுக் கட்டுக்குச் சற்று முன் அங்கே பிரிப்பதுதான் முறை. இதைப் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டரை வயதுப் பையன். இடது கால் மட்டும் உள்ளே திரும்புகிறது, வலது நேர். ‘வளர்ந்தா சரியாகும்’ என்கிறார்கள். காத்திருக்கலாமா?
*- பல்லாவரம் வாசகி*

வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கால் மட்டும் என்றால் இடுப்பு மூட்டு விலகல், ஒரு பக்கத் தசை இறுக்கம், மூளையிலிருந்து வரும் கட்டளையில் கோளாறு ஆகியவற்றை முதலில் விலக்கியாக வேண்டும்.

போகும் முன் சிலவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுக்கு முன்பே இடது கையை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் வலது கையையே நீட்டினானா? ஓடும்போது இடது கை முழங்கையில் மடங்கி நிற்கிறதா? இடது குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிறானா? இடது ஷூவின் முன்நுனி மட்டும் தேய்ந்திருக்கிறதா? அந்தப் பழைய ஷூவையே கையோடு எடுத்துப் போங்கள். குறைமாதப் பிரசவம், பிறந்ததும் அழாதது, கடுமையான மஞ்சள் காமாலை, தலை திரும்பாத பிரசவம் இவற்றில் எது இருந்தாலும் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துப் போங்கள்.

செலவு யோசனை இருந்தால், வீட்டருகே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். அங்கன்வாடிகளில் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு வந்து பரிசோதிக்கும். வளைபாதம், இடுப்பு மூட்டு விலகல், ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகி வளையும் நோய்) மூன்றுமே அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளவை.

இரண்டு வயது மகளுக்குப் பாதம் உள்ளே திரும்புவதோடு காலும் வில் மாதிரி வளைந்திருக்கிறது. பத்தாவது மாடி ஃபிளாட், வெயிலே படுவதில்லை. கால்சியம் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?
*- சோழிங்கநல்லூர் வாசகி*

சிரப்புக்கு முன் ஓர் அளவு எடுங்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, சில்லு இரண்டும் கூரையைப் பார்க்க, கணுக்கால் இரண்டையும் ஒட்டி வைத்து, முட்டிகளுக்கு இடையே ஸ்கேலால் அளங்கள். இரண்டு வயது வரை கொஞ்சம் வில் வளைவு இயல்பு. அதன் பிறகு மூன்று, நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முட்டி தட்டும், ஏழு வயது வாக்கில் நேராகும். இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, மூன்று வயதை நோக்கிப் போகும்போதும் வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ காட்ட வேண்டும்.

வெயில் கொட்டும் ஊரில் ரிக்கெட்ஸ் எப்படி வரும் என்று கேட்கலாம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் தோலில் வைட்டமின் டி உண்டாகாது. தாய்ப்பாலிலும் அது குறைவு. மணிக்கட்டு தடித்திருப்பது, விலா எலும்புகளின் முன்நுனியில் மணி மணியாகத் தட்டுப்படுவது, பல் தாமதமாக முளைப்பது, ஒன்றரை வயதாகியும் நடக்காதது இவற்றில் ஏதாவது இருந்தால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேடேஸ், வைட்டமின் டி, கூடவே மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். ரிக்கெட்ஸ் என்று உறுதியானால் மருந்திலேயே வளைவு பெருமளவு திரும்பும், அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

கேழ்வரகு கொடுக்கிறீர்கள் என்றால் நல்லது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதில் வைட்டமின் டி இல்லை. அது இல்லாமல் கால்சியத்தை உடல் சரியாக உறிஞ்சாது, சிரப் மட்டும் ஊற்றுவதில் பயன் குறைவு. வைட்டமின் டி சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் 800 யூனிட் உள்ளதும் பார்க்க ஒரே மாதிரி பாட்டிலில் வருகின்றன. மருத்துவர் யூனிட்டில் சொன்னதை மில்லியாக மாற்றும்போது லேபிளைப் படியுங்கள், பழைய பாட்டிலின் அளவை நினைவில் வைத்து ஊற்றாதீர்கள். அளவு கூடினால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

சீக்கிரம் நடக்கட்டும் என்று சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வாங்கினோம். அதனால் கால் திரும்புமா?
*- வேளச்சேரி வாசகர்*

எலும்பு திரும்பாது. ஆனால் வாக்கரில் பிள்ளை நுனிக்காலால் உந்தியே பழகும், சீக்கிரம் நடப்பதும் இல்லை. படியில் உருண்டு தலையில் அடிபடுவதும், அடுப்படிக்குப் போய்ச் சூடானதை இழுத்துக் கொட்டிக்கொள்வதும் இதில்தான் அதிகம். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளை பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி நல்லது, நிற்கத் தெரிந்த பிறகு, பெரியவர் ஒருவர் கூடவே இருக்கும்போது. வண்டி வேகமாக ஓடினால் முன்பக்கத்தில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடுங்கள், மெதுவாகும்.